காய்ச்சல் இல்லாதவர்கள் மட்டும்

வரிசையில் அவளுக்கு முன்னால் நான்கு பேர்.

நெற்றியிலிருந்த ஈரத்துணியை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். அவர் பாட்டில் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, திரும்பத் தந்தார்.

"நல்லா அழுத்தி வையி. கிட்டப் போகையில தொடச்சிரு."

நேற்று மாலையிலிருந்து காய்ச்சல். நூற்று ஒன்று.

விடியற்காலையில் இரண்டு மாத்திரையை ஒன்றாகப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறியிருந்தாள்.

வாசலில் காவலாளி நின்றார். கையில் காய்ச்சல் பார்க்கும் அந்தத் துப்பாக்கி. ஒவ்வொரு நெற்றிக்கும் குறிவைத்தார். நூறைத் தாண்டினால் இடப்பக்கம் கூடாரம். அங்கே மூக்கில் குச்சி விடுவார்கள். முடிவு வர மூன்று நாள். இன்றைய கீமோ போச்சு. அடுத்த தேதி எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

இது கொரோனா இல்லை. அவளுக்கு அது நிச்சயம். இந்த ஆஸ்பத்திரிக்கு வருவதைத் தவிர வாசல்படி தாண்டி இரண்டு மாதமாகிறது. கத்தரிக்காயைக்கூட மஞ்சள் தண்ணீரில் முக்கித்தான் வீட்டுக்குள் விட்டாள்.

கொரோனா ஊருக்கே வருகிறது. அவளுக்கு வந்தது பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருமாம். தொடைச் சதைக்குள் ஒரு கட்டி. அதன் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஜவுளிக்கடை தீபாவளிக் குலுக்கலில் இருபது வருஷம் சீட்டு எழுதிப் போட்டிருக்கிறாள். ஒரு எவர்சில்வர் தம்ளர் விழுந்ததில்லை. இது மட்டும் விலாசம் கேட்டு வந்ததுபோல வந்து சேர்ந்தது, சனியன்.

அதே கடையில் இருபது வருஷம் நின்றுகொண்டே புடவை விரித்த கால் அது.

ஊரடங்கு போட்ட மாதம் பஸ் இல்லை. ஒரு கீமோ தவறியது. எலுமிச்சை அளவில் இருந்தது சாத்துக்குடி ஆனது. பெரிய டாக்டர் போனில் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவ தவறுச்சுன்னா காலக் காப்பாத்த முடியாதும்மா. எடுத்துர வேண்டியதுதான்."

அன்றிலிருந்து எழுபது கிலோமீட்டரும் கணவர் வண்டியிலேயே கூட்டி வருகிறார்.

முன்னால் நின்ற பெரியவருக்கு நூறு புள்ளி நான்கு.

"வெயில்ல நின்னதுய்யா. சத்தியமா வெயில்ல நின்னது." கும்பிட்டார்.

கூடாரத்தைக் காட்டினார்கள். போனார்.

அவளுக்குப் பாவமாக இல்லை. வரிசை நகர்ந்ததே என்றுதான் இருந்தது. சீ, நான் எப்போது இப்படி ஆனேன் என்று அடுத்த நொடியே நினைத்தாள்.

நெற்றியைத் துடைத்தாள். முகத்தை நீட்டினாள்.

தொண்ணூற்றேழு புள்ளி எட்டு.

"போங்கக்கா."

துணைக்கு வந்தவர்களை உள்ளே விடுவதில்லை. திரும்பிப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே அவர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். மாஸ்க்குக்குள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. எத்தனை நாளாயிற்று, அந்தச் சிரிப்பைப் பார்த்து.

பதினோரு மணிக்குத்தான் கீமோ வார்டில் நாற்காலி கிடைத்தது.

தலை முதல் கால்வரை மூடிய ஒரு சின்ன டாக்டர் வந்தார். ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"முந்தாநேத்து எடுத்த ரத்தத்துல வெள்ளை அணு கொஞ்சம் கம்மிதான். பரவால்ல, ஏத்தலாம். காய்ச்சல், குளிர் ஏதாச்சும் இருந்துச்சா?"

"இல்ல டாக்டர்."

எழுபது கிலோமீட்டரும் சொல்லிப் பார்த்த பதில். தடுமாறாமல் வந்தது.

"நல்லது. கொரோனாவுக்காகக் கேக்கலம்மா. உங்க உடம்புல இப்ப எதிர்ப்புச் சக்தி ரொம்பக் கம்மி. காய்ச்சலோட இந்த மருந்த ஏத்துனா ரெண்டே நாள்ல ஆளக் கொண்டுபோயிரும். அதான் கேட்டேன்."

தாளில் ஒரு டிக் போட்டார். அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லியும் இருக்கலாம். முதல் நாள் தந்த தாளில் எங்கேயாவது எழுதியும் இருக்கலாம். இந்த வருஷம் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான்.

கூப்பிட வேண்டும். டாக்டர், ஒரு நிமிஷம். அவ்வளவுதான்.

கூப்பிட்டால் கூடாரம். மூன்று நாள். கால்.

கால் போனால் என்ன, உயிர் பெரிதில்லையா என்பார்கள். சொல்பவர்கள் இரண்டு காலில் நின்றுகொண்டு சொல்வார்கள்.

வெளியே வெயிலில் அவர் காத்திருப்பார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு.

பயமாக இருந்தது.

சிஸ்டர் வந்து சிவப்பு மருந்தைத் தொங்கவிட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் கையைத் திருப்பி நரம்பு தேடினாள். தட்டினாள். இரண்டு கையுறை, ஒன்றன்மேல் ஒன்று. அதற்குள் இருந்த விரல்களுக்கு அவள் உடம்புச் சூடு தெரியவில்லை.

மாத்திரையின் வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. முதுகுத்தண்டில் குளிர் ஏறியது. தாடை ஆடாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கைய ஆட்டாதீங்கக்கா. சின்ன வலிதான்."

ஊசி தோலுக்கு மேலே நின்றது.

"சிஸ்டர்."

"ம்?"

"அந்த கிளவுஸக் கழட்டிட்டு என்னைய ஒரு தடவ தொட்டுப் பாருங்களேன்."