சவப்பெட்டிமேல் கோழிக்குஞ்சு

மணிலாவின் டோண்டோ சந்தில் மதிய வெயில் தகரக் கூரையைக் காய்ச்சுகிறது. கீழே, சுடப்பட்டுச் செத்த நெஸ்டர் கிடக்கும் சவப்பெட்டியின் கண்ணாடிமேல் மஞ்சள் கோழிக்குஞ்சு ஒன்று அரிசி கொத்துகிறது. கொலையானவன் பெட்டிமேல் குஞ்சை விடுவது இங்கே வழக்கம்; அதன் ஒவ்வொரு கொத்தும் கொன்றவன் மனசாட்சியில் விழுமாம். சவம் காக்கும் இந்த நாலே நாளில் அதன் அலகு ஆணி நீளம் வளர்ந்துவிட்டதென்று சந்தே சத்தியம் செய்கிறது. அண்ணன் ருஃபினோ பல்லைக் கடித்தபடி பக்கத்தில் நிற்கிறான். அவனும் தம்பியும் அடியாளாக உழைத்த கும்பலின் தலைவன் கிரிசாந்தோ, ஆளுயர மலர்வளையத்தோடு வருகிறான். டொக். டொக். அவன் கழுத்துச் சங்கிலி வியர்வையில் ஒட்டுகிறது. “சுட்டவன சும்மா விடமாட்டேன்டா தம்பி. அந்தச் சனியன மொதல்ல எடு, காது வலிக்குது.” துக்கத்துக்கு வந்து கண்விழிப்பவர்களின் சீட்டாட்டம் நின்றுபோகிறது. நாலு நாளாக அந்தச் சத்தம் வேறு யார் காதையும் வலிக்கவைக்கவில்லை. ருஃபினோ இரண்டு கையாலும் அரிசியை அள்ளிக் கண்ணாடிமேல் கொட்டுகிறான். “அதுக்கு இன்னும் பசி அடங்கலண்ணே.”