அரைச் சுரம் மேலே

மகினோ, சுகியுராவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது தன் கடையில்தான். ஜப்பானின் ஹமாமட்சு நகரில் பியானோ உதிரிபாகம் விற்கும் சின்னக் கடை. சுகியுரா கம்பி வாங்க வந்திருந்தார்.

"மறுபடியும் கம்பியா? யார் வீட்டுக்கு?"

"என் வீட்டுக்குத்தான்."

"சுருதி சேர்க்கிறவன் வீட்டுலயே இப்படி மாசத்துக்கு ஒண்ணு அறுந்தா, ஊர்க்காரன் எப்படிப்பா உன்னைக் கூப்பிடுவான்?"

"அதான் யாரும் கூப்பிடறதில்லையே." சுகியுரா சிரித்துக்கொண்டே கம்பியைப் பையில் போட்டார். "மணி ஒண்ணரை. கிளம்பறேன்."

அந்த நேரத்துக்கு மேல் அவர் எங்கும் நிற்க மாட்டார். மதிய வேலையும் ஒப்புக்கொள்வதில்லை. மனைவி மிசாயோ பகலெல்லாம் தூங்குகிற ஆள் என்பது தெருவுக்கே தெரியும்.

"போ, போ. எஜமானி எழுந்திருக்கிறப்ப டீ தயாரா இருக்கணுமே," என்றார் மகினோ.

அதற்கு ஒன்பதாம் நாள், மாரடைப்பு. சுகியுரா போய்விட்டார்.

மகினோவுக்கு உள்ளுக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. அவரும் சுருதி சேர்க்கிறவர்தான். போன டிசம்பரில், கடைக் காலண்டர் கொடுக்க சுகியுரா வீட்டுக்குப் போனவர், கை சும்மா இராமல் பியானோவில் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தார். ஏதோ இடித்தது. சட்டைப் பையிலிருந்த சுருதிக் கவையை, சரியான சுரத்தைக் காட்டும் இரும்புக் கவையை, தட்டிக் காதில் வைத்தார். பியானோ தனக்குள் அழகாகச் சேர்ந்திருந்தது. ஆனால் மொத்தமும் அரைச் சுரம் மேலே.

முப்பது வருஷம் தொழில் செய்தவன் வீட்டில் இப்படியா?

"பாவம், சுகியுராவுக்குக் காது போயிடுச்சு," என்று ஊர்க் கச்சேரி மண்டபத்து நிர்வாகக் குழுவில் சொன்னார். மார்ச்சில் மண்டபத்துப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் வேலை சுகியுராவின் கையை விட்டுப் போனது. மகினோவின் கைக்கு வந்தது.

இறந்தவருக்கான நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு ஊதுவத்தி ஏற்ற மகினோ அந்த வீட்டுக்குப் போனார். கும்பிட்டு முடித்ததும் மிசாயோ கேட்டாள்.

"மகினோ, பியானோவையும் கொஞ்சம் பாருங்களேன். ரெண்டு கம்பி இறங்கியிருக்கு."

அவர் கம்பியை முறுக்கும் சுகியுராவின் சுருதிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் கவையோடு ஒப்பிட்டு எல்லாக் கட்டைகளையும் தட்டிப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க. கடைசி காலத்துல சுகியுராவுக்குக் காது சரியில்லை. முழுப் பியானோவும் மேல நிக்குது. கம்பி அறுந்து போறதே அதனாலதான். நாலு தடவை வந்து கீழ கொண்டுவந்துடறேன்."

"கீழ கொண்டுவந்தா நான் மாத்திரையை நிறுத்திடுவேன்."

"என்ன மாத்திரை?"

"வலிப்புக்கு."

மகினோ கையிலிருந்த சுருதிச் சாவியைக் கீழே வைத்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாலேயே உண்டு," என்றாள் மிசாயோ. "இந்த மாத்திரைக்குத்தான் அடங்கிச்சு. ஆனா ஒரே அசதி. சாப்பிடுற தட்டு முன்னாலேயே தூங்கிடுவேன். அது போகட்டும். காதுல விழறது எல்லாம் அரைச் சுரம் இறங்கிக் கேக்குது. ஸ்டேஷன்ல வர்ற இசை, பள்ளிக்கூட மணி, எல்லாமே."

"மாத்திரையில அப்படிக்கூட ஆகுமா?"

"சிலருக்கு ஆகுமாம். வேற ரெண்டு மாத்திரை குடுத்துப் பார்த்தாங்க. ரெண்டுலயும் வலிப்பு வந்துச்சு. நாலு வயசுலேர்ந்து எந்தச் சத்தம் கேட்டாலும் என்ன சுரம்னு சொல்றவ நான். என் பியானோவே எனக்குப் பொய்யாக் கேட்டா நான் எங்க போறது? மாத்திரை எல்லாத்தையும் குப்பையில போட்டேன்."

"சுகியுரா திட்டலையா?"

"அவரா? குப்பையைக் கிளறி ஒவ்வொண்ணா எடுத்து வச்சார். 'மாத்திரையை மாத்த வழியில்லை. பியானோவை மாத்தலாமே'ன்னார். அன்னிக்கே ஏத்த ஆரம்பிச்சார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நான்தான் அவர்கிட்ட வாக்கு வாங்கியிருந்தேன். வலிப்புன்னு தெரிஞ்சே எனக்கு ரெண்டு சம்பந்தம் தட்டிப் போச்சு." அவள் கண்கள் சொருகின. "கொஞ்சம் சாஞ்சுக்கறேன். நீங்க தட்டுங்க, எனக்கு எதுவும் கேக்காது."

ஒரு நிமிஷத்தில் தூங்கிவிட்டாள்.

மகினோ கவையைப் பைக்குள் போட்டார். இறங்கியிருந்த இரண்டு கம்பிகளையும் மெல்ல முறுக்கி, மற்றவை நிற்கிற இடத்துக்கே ஏற்றினார்.

சுருதி சேர்த்தவர், பியானோவுக்குள் இருக்கும் அட்டையில் தேதி போட்டு எழுத வேண்டும். இந்தத் தொழிலில் அது வழக்கம். மகினோ அட்டையை எடுத்தார். சுகியுராவின் பொடி எழுத்து.

'தினம் மாத்திரை இரண்டு. கால் சுரம் ஏற்றினேன். முகம் சுளிக்கிறாள்.'

'மாத்திரை மூன்று. அரைச் சுரம். கம்பிகள் போயின. ஒரு மணி நேரம் வாசித்தாள். பிறகு தூங்கினாள்.'

'தலைசுற்றிப் படியில் விழுந்தாள். நெற்றியில் நான்கு தையல். மதிய வேலைகளை விட்டாயிற்று. மண்டபத்தை மட்டும் விட மனம் வரவில்லை.'

கடைசியாக எழுதியிருந்தது, கடைக்கு வந்துபோன நாளின் தேதியில்.

'புதுக் கம்பி. மண்டப வேலை போனது யார் புண்ணியமோ, இனி எல்லா மதியமும் இவள் பக்கத்திலேயே இருக்கலாம்.'

மகினோ பேனாவைத் திறந்தார். அந்த வரிக்குக் கீழே, இனிச் சுருதி சேர்ப்பவர் எழுத, அட்டையில் பதினோரு கோடுகள் காலியாக இருந்தன.