சுவரின் மஞ்சள்

"இந்த மஞ்சள் வெயிலா, பெயிண்டா?" என்று ஒருமுறை கொரீனா என்னிடம் கேட்டாள்.

மால்டோவாவின் தலைநகரான கிஷினாவில், ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்த ஓர் அறையில் உட்கார்ந்து, எங்கள் ஊரைப் பற்றிய படத்துக்கு அவள் நிறம் சரிசெய்துகொண்டிருந்தாள். திரையில் எங்கள் வீட்டின் முன்சுவர்.

படம்பிடிக்க வந்தவர்களிடம் இருந்தது கைக்குள் அடங்கும் கேமரா. சினிமாக் கேமரா என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பவில்லை. போட்டோ எடுக்கிறார்கள் என்று நினைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார்கள்.

ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால், நிறக் கட்டங்கள் அச்சடித்த அட்டை ஒன்றைக் கேமராவுக்கு எதிரே பிடிக்க வேண்டும். அது இருந்தால்தான் எது உண்மையான நிறம் என்று பின்னால் தெரியும். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டோடு கிடந்த எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டை எடுத்த மாலையில் மட்டும் நான் அட்டையைப் பிடிக்கவில்லை. தெருவே வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கூச்சத்தில் கிணற்றுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

அதனால்தான் என்னை வரவழைத்து அந்தக் கேள்வி. மற்ற காட்சிகள் எல்லாம் மேகமூட்டத்தில் எடுத்தவை. சுவரில் இருப்பது வெயில் என்றால் அதை இறக்க வேண்டும். பெயிண்ட் என்றால் தொடக் கூடாது.

பெயிண்ட்தான். அப்பா ஒரு வாரம் ஏணியில் நின்று அடித்தது. டப்பாக்களை ஒர்ஹேய் சந்தையில் வாங்கியதாகச் சொன்னார். முன்சுவரோடு பெயிண்ட் தீர்ந்துபோனது.

கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே வெளிறித் தெரிந்ததைப் பார்த்து அவர் பதறிவிட்டார். நிறமெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, அப்புறம் வெளியே எடுத்துவிடுவோம் என்று இயக்குநர் சமாதானம் சொன்னார்.

அம்மா ஆறு வருடமாக இத்தாலியில், பாதோவாவில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பெண்மணியைக் கவனித்துக்கொள்கிறாள். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பட்டன் போன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் அப்பா, இங்கே எல்லாம் நல்லாயிருக்கு என்பார். அப்படியானால் இன்னும் ஒரு வருடம் இருந்துவிட்டு வருகிறேன் என்பாள் அம்மா.

எனக்கு நிமோனியா வந்த குளிர்காலத்தில் மட்டும், இரண்டே நாளில் வந்து நின்றாள்.

அதை நான் மறக்கவில்லை. கொரீனாவுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை மதியம், பாதோவாவில் தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் படத்தைப் போட்டார்கள். அங்கே வேலை செய்யும் எங்கள் மால்டோவாப் பெண்களுக்கு அன்றுதான் அரைநாள் லீவு. அப்பாவும் நானும் வேனில் ஒன்றரை நாள் பயணம் செய்து போயிருந்தோம். அதே வேன் சாயங்காலம் ஊர் திரும்பும். வாசலுக்கு இடப்பக்கம் நின்றிருந்தது.

அம்மா ஒரு பெரிய பையோடு வந்தாள். என் கன்னத்தைக் கிள்ளினாள். பக்கத்து நாற்காலி ரயீசா அக்காவிடம் குனிந்து பேச ஆரம்பித்தாள்.

"நாலு டப்பா மஞ்சள் பெயிண்ட் வேன்ல போட்டு அனுப்பினேன்டி. அதையும் வித்துக் குடிக்காம மனுஷன் சுவத்துல அடிச்சிருந்தா, இன்னிக்கே இவங்களோட வந்துடறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். படத்துல பாத்துக்கோன்னார். நானும் துணியெல்லாம் எடுத்து வச்சுட்டு வந்துட்டேன்."

அப்பா மடியில் இருந்த தொப்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். குடியை விட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. பெயிண்டும் அம்மா அனுப்பியதுதான் என்று என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போல.

விளக்கை அணைத்தார்கள்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் எங்கள் வீடு வந்தது.

அப்பாவின் முகம், வேலி, வாத்துகள் எல்லாம் அதனதன் நிறத்தில் இருந்தன. சுவர் மட்டும் சாம்பலாக இருந்தது.

"ஏன்டி ஸீனா, பெயிண்டை வித்துக் குடிச்சாரா, இல்ல பெயிண்டையே குடிச்சுட்டாரா?" என்றாள் ரயீசா அக்கா. பின்வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அப்பா எழுந்தே விட்டார்.

"அடிச்சேன் ஸீனா. ரெண்டு கோட் அடிச்சேன். பாப்பாவக் கேளு. நிறம் பாக்கும்போது அவதான் கூட இருந்தா."

அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் பேசட்டும் என்று காத்திருந்தாள்.

அடித்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால், அப்புறம் ஏன் இப்படித் தெரிகிறது என்று கேட்பாள்.

வெயில் என்று கொரீனாவிடம் சொல்லியிருந்தேன். பாழடைந்த வீட்டைப் பார்த்தால் அம்மாவுக்கு மனசு கேட்காது, ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். கொரீனா சுவரை மட்டும் சுற்றிக் கோடு போட்டு, நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் ஓர் உருண்டையை விரல் நுனியால் நகர்த்தினாள். அப்பாவின் ஒரு வாரம் மெல்ல வெளிறிப்போனது. போதுமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் என்றேன்.

நான் தலைகுனிந்துகொண்டேன்.

அம்மா பையை எடுத்தாள். உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டிக் கதவுக்குப் போனாள்.

அது கண்ணாடிக் கதவு. வேன் இடப்பக்கம் நின்றது. அவள் வலப்பக்கம் திரும்பி நடந்தாள்.