வெள்ளவத்தைப் பள்ளிக்கூடம்

ஹியூபேட் கந்தோர் வேலை முடிந்து வந்தபோது, றோஸி மகளின் சட்டைகளைத் தகரப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுதப் பழக வாங்கிய புதுச் சிலேற்றோடு அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அப்ப, நீ முடிவெடுத்திட்டாய்?"

"ஓம். நாளைக்குப் பூசை முடிய ஐறீன் அக்கா வந்து கூட்டிக்கொண்டு போவா."

ஒரு மாதமாக இதே சண்டைதான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய ஒழுங்கை முனையிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. றோஸி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மகள் மெற்றில்டா நகரின் மறுகோடியில், வெள்ளவத்தையில், பெரியம்மா ஐறீன் வீட்டில் தங்கிப் படிக்கட்டும், எப்போதாவது இங்கே வந்துபோனால் போதும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"அஞ்சு வயசுப் பிள்ளை, றோஸி. இஞ்ச எண்டால் மத்தியானம் மணி அடிச்சவுடன ஓடிவந்து உன்ர கையால சாப்பிட்டிட்டுப் போகலாம்."

"அதாலதான் இஞ்ச வேண்டாமெண்டுறன்."

ஹியூபேட்டுக்குச் சுருக்கென்றது. கொஞ்சக் காலமாகவே அவள் மாறித்தான் போயிருந்தாள். பிள்ளையைத் தன் பாயில் படுக்க விடுவதில்லை. முத்தம் கொடுக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். துறைமுகத்தில் வெள்ளைக்காரத் துரையிடம் கைகட்டி நிற்கும் கிளாக்கரின் வீடு, வசதியான அக்காவைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கசந்துவிட்டது என்றே அவன் நினைத்தான்.

அடுப்படிப் பக்கமிருந்து ஓடிவந்த மெற்றில்டா சிலேற்றைப் பறித்தாள். "அம்மா, பாருங்கோ!" என்று தாயின் மடியில் பாய்ந்தாள்.

றோஸி இரண்டு கையாலும் அவளைத் தள்ளிவிட்டாள். "எத்தினை தரம் சொல்லுறது? அப்பாட்டப் போ!"

பிள்ளையின் உதடு பிதுங்கியது. ஹியூபேட் அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினான்.

"நீயும் ஒரு தாயோ? உன்ர அக்காவுக்குப் பிள்ளையில்லையெண்டால் என்ர பிள்ளையைத்தான் குடுக்கோணுமோ?"

"கத்தாதேங்கோ. அவளுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! பெத்தவளுக்குத் தன்னைப் பிடிக்கேல்லையெண்டு இப்பவே தெரியட்டும்!"

சொன்ன பிறகு அவனுக்கே நாக்குக் கூசியது. றோஸி பெட்டியை விட்டெழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். வெகுநேரம் அவளுடைய முதுகு மட்டும் குலுங்கியது.

"பெரியாஸ்பத்திரியில என்ர நெஞ்சைப் படம் பிடிச்சுப் பாத்தவை," என்றாள் திரும்பாமலே. "சயரோகமாம். நல்லா முத்திப்போச்சாம்."

ஹியூபேட் ஓடிப்போய் அவளைப் பிடிக்கப் பார்த்தான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"கிட்ட வராதேங்கோ. தொத்திப்போடும்."

"சுகமாகும், றோஸி. எந்த டொக்டரிட்டயும் காட்டுவம்." "பிள்ளையை ஏன் இப்பவே அனுப்போணும்? கொஞ்ச நாளாவது உன்னோட இருக்கட்டுமன்."

றோஸி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"நான் இருக்கேக்கையே அவள் அக்காவை அம்மா எண்டு கூப்பிடப் பழகட்டும்."