பூட்டி வைத்த மெட்டு

வெள்ளைக்காரன் ஆட்டோவை விட்டு இறங்குவதை ஜன்னல் வழியே பார்த்ததுமே, பிராங்கிளின் பிடிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். தன் கையால் செய்த பூட்டு. நாற்பது வருஷமாக அதுதான் தொழில். இன்று சாவி துவாரத்துக்குள் போகவே மாட்டேன் என்றது. மூன்றாம் தடவைதான் நுழைந்தது.

"என்ன மாமா, வேர்த்துக் கொட்டுது?" மருமகன் ரொனால்டு கேட்டான்.

"எல்லாம் உங்களால வந்தது மாப்ள. கதவைச் சாத்திக்கிட்டு வாசிச்சதை செல்போன்ல எடுத்து ஊரு உலகத்துக்கெல்லாம் போட்டீகளே."

அந்த மெட்டை அவர் குடும்பம் ஐந்து தலைமுறையாகக் கதவை அடைத்துத்தான் வாசிக்கிறது. முப்பாட்டன் சவரிமுத்து, மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு கேப்டன் துரைக்குச் சமையல்காரர். துரை வீட்டுப் பாட்டைத் திருடினான் என்று சவுக்கால் அடித்து, திண்டுக்கல்லை விட்டே விரட்டினார்கள்.

வந்தவன் செருப்பை வாசலில் கழற்றினான். நாற்காலியைத் தட்டிப் போட்டும் உட்காரவில்லை. பிராங்கிளின் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல், பையிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து, இங்கிலீஷில் என்னவோ சொன்னான்.

கேஸ் கட்டுதான் என்று இவர் முடிவுகட்டினார்.

"அந்தக் கேப்டனோட பேரனுக்குப் பேரனாம் மாமா. இங்கிலாந்துல ஊரு ஊருக்கு இந்தப் பாட்டைத்தான் பிடில்ல வாசிச்சு, குதிச்சு ஆடுறாகளாம். கேப்டன் பேரு போட்டு அச்சடிச்சே நூத்தம்பது வருசமாச்சாம்."

"போச்சு. போலீசு எப்ப வருதுன்னு கேளுங்க."

"செத்த பொறுங்க மாமா."

"வாசிச்சது நான் ஒருத்தன்தான். எம்மகளுக்கு இதுல சம்பந்தமில்லைன்னு சொல்லிருங்க." பெட்டியைத் தூக்கிவந்து வெள்ளைக்காரன் காலடியில் வைத்தார். சாவியையும் அதன்மேல் வைத்தார். "எடுத்துட்டுப் போகட்டும். ஸ்டேஷனுக்கு மட்டும் நடத்திக் கூட்டிட்டுப் போக வேணாம். தெருவுல அம்புட்டுப் பேரும் தெரிஞ்சவக."

வெள்ளைக்காரன் பெட்டியைத் தொடவில்லை. நோட்டில் ஒரு பக்கத்தைப் பிரித்து ரொனால்டிடம் நீட்டினான். கேப்டன் சாகக் கிடந்தபோது எழுதியதாம். ரொனால்டு அதை இரண்டு தடவை படித்தான்.

"என்னதான் போட்டிருக்கு? சொல்லித் தொலைங்க மாப்ள."

"பாட்டு நம்ம சவரிமுத்துத் தாத்தா கட்டுனதாம். திருடுனது கேப்டன்."