கோட்டு மாப்பிள்ளை

"பாய், எப்படியாச்சும் என்னைக் குண்டாக்கி விட்டுருங்க!"

ஸ்டூடியோவுக்குள் நுழைந்த வேகத்தில் உத்திராபதி இப்படிச் சொன்னதும் மன்சூர் அலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் போட்டோதான் எடுப்பேன் தம்பி. சோறு நீங்கதான் திங்கணும்."

"வெளையாடாதீங்க பாய். ஒல்லிப்பிச்சான்னு மூணு எடம் தட்டிப்போச்சு. இது நாலாவது. தருமபுரத்துல பெரிய எடம். பொண்ணோட அப்பாவுக்குக் கோட்டு போட்ட போட்டோதான் வேணுமாம். தரகர் சாயங்காலம் வந்துருவாரு."

ஸ்டூடியோவில் இருந்த கோட்டை மாட்டிப் பார்த்தார்கள். சோளக்கொல்லைப் பொம்மைக்குப் போட்டது மாதிரி தொங்கியது. உத்திராபதிக்கு அழுகையே வந்துவிட்டது. மன்சூர் அலிக்கோ உற்சாகம் பிறந்துவிட்டது. எடுத்த படத்தை எடுத்தபடியே கொடுப்பதெல்லாம் ஒரு தொழிலா? அந்த எழுபத்தெட்டாம் வருஷத்தில் காரைக்காலிலேயே இந்த வித்தை தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று அவருக்கு நினைப்பு.

"உங்க தலை மட்டும் போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

உத்திராபதியை உட்கார வைத்து முகத்தைப் படம் பிடித்தார். பிறகு, தன் வாப்பா காலத்து நெகட்டிவ் பெட்டியைக் கிளறினார். கோட்டும் டையுமாய்க் கம்பீரமாக உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் கிடைத்தார். அதைப் பிரிண்ட் போட்டு, பிளேடால் தலையை நறுக்கி, அந்த இடத்தில் உத்திராபதியின் தலையை ஒட்டினார். கழுத்தோரம் பிரஷ்ஷால் மை தொட்டுத் தடவி, மொத்தத்தையும் மறுபடி படம் பிடித்தார்.

சாயங்காலம் படத்தைப் பார்த்த உத்திராபதி துள்ளிக் குதித்தான்.

"யப்பாடி! நானா இது? கலெக்டர் கணக்கா இருக்கேனே பாய்!"

"போங்க தம்பி, பொண்ணு வீட்ல மறுபேச்சே இருக்காது!"

நாலாம் நாள் காலையில் ஒரு பெரியவர் அந்தப் படத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"நான் தருமபுரம் வைத்திலிங்கம். எம் பொண்ணுக்கு வந்த மாப்பிள்ளை போட்டோ இது. பின்னாடி உங்க சீல் இருந்துச்சு. நீங்க எடுத்ததுதானா?"

"நானேதாங்க!" மன்சூர் அலிக்குப் பெருமை தாங்கவில்லை. "மாப்பிள்ளை எப்படி? ஜம்முனு இல்ல?"

"ஜம்முனுதான் இருக்கு. சைகோன்லேருந்து வந்த புதுசுல, நானும் இங்கதான் ஒரு படம் எடுத்துக்கிட்டேன்" என்ற பெரியவர், படத்தை மேசைமேல் வைத்தார்.

"கழுத்துக்கு மேல யாருன்னு மட்டும் சொல்லுங்க பாய். கீழ இருக்கறது நான்."