நான்காவது மாடியில் நிற்கும் லிஃப்ட்

ஒட்டுக்கேட்கும் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. கதவில் சாய்ந்து நிற்கிறேன், அவ்வளவுதான். வெளியே மங்கும் வெளிச்சத்தில் லிஃப்ட் மெக்கானிக்கின் போன் கத்துகிறது: "தினமும் சாயங்காலம் நாலாவது மாடியில நிக்குது, யாரும் ஏறலைன்னு கம்ப்யூட்டர் காட்டுது. பட்டன் கோளாறுதான், கழட்டிப் போட்டுட்டு வாய்யா." அவர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கையில், தலைவாரிப் பளிச்சென்று வருகிறாள் எதிர்வீட்டு அக்கா. பட்டனை அழுத்துகிறாள். கதவு முனகித் திறக்கிறது. உள்ளே விளக்கும் கண்ணாடியும் மட்டும். "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று செல்லமாகக் கடிந்துகொண்டு, வழிவிட்டு ஒதுங்குகிறாள். என் வாய் சும்மா இருக்குமா? "அக்காவோட வீட்டுக்காரர் வேலைவிட்டு வர்ற நேரம். அவர் செத்து வருஷமாச்சு, தம்பி" என்று கதவிடுக்கில் கிசுகிசுக்கிறேன். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போடுகிறார். "பட்டன் நல்லாத்தான் இருக்கு சார்" என்கிறார் போனில், மெதுவாக. "யாரும் ஏறலதான். இறங்குறாங்க." சொல்லிவிட்டு அவரும் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுகிறார்.